திருப்புட்குழி ரூட்டில் ஓர் அன்னம்

1. எல்லோருக்கும் ஒரே கேள்வி

எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் யாருக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று என்னைக் கேட்காத ஆள் காஞ்சிபுரத்தில் குறைவு. அரசியல் அறிவியல் பாடம் நடத்துகிறவளுக்கு ஜோசியமும் தெரிந்திருக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. காய்கறிக் கடையில் கேட்பார்கள். வங்கியில் கேட்பார்கள். ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சை அடைத்துவிட்டு டாக்டர் கேட்டார். நான் பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்துக் கேட்டவர் என்பதால் அவர்மீது மட்டும் எனக்குக் கோபம் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பொறுமையாக விளக்குவேன். பல ஊர்களிலிருந்து வருகிற பிள்ளைகள், பல வீடுகள், பல மனசுகள், மொத்தமாக ஒரு பக்கம் என்று சொல்ல முடியாது என்பேன். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு, "அது சரி மேடம், ஆனா எந்தப் பக்கம்?" என்பார். பிற்பாடு விளக்குவதை விட்டுவிட்டு, தெரியாது என்று மட்டும் சொல்லத் தொடங்கினேன். மேடத்துக்கு உள்ளுக்குள் எல்லாம் தெரியும், வெளியே சொல்ல மாட்டார் என்று அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்தார்கள்.

வெளியார்தான் இப்படி என்றால் ஸ்டாஃப் ரூம் அதைவிட மோசம். அங்கே எல்லோருக்கும் விடை தெரியும். கணிதத் துறை தண்டபாணி சார் இதில் நிபுணர். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பக்கம், வாலாஜாபாத் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கம், செவிலிமேட்டில் புதுவீடு கட்டிக்கொண்டு சென்னைக்கு வேலைக்குப் போய் வருகிறவர்களின் பிள்ளைகள் இரண்டும் இல்லாத பக்கம் என்று பிரித்து வைத்திருந்தார். அவரே நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைதான். இன்றைக்கும் வீட்டில் தறி ஓடுகிறது. அந்த ஒரே வீட்டுக்குள் அவர் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி, மனைவி இருவருக்கும் சொல்லாத ஒரு கட்சி. இதை நான் ஒருநாள் சுட்டிக்காட்டினேன். அது விதிவிலக்கு என்றார். நான் செவிலிமேட்டுக்காரி. என் வீட்டை எந்தப் பக்கம் வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

2. பூவும் காயும் ஏற்கனவே போய்விட்டன

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. கல்லூரியில் வாக்காளர் விழிப்புணர்வு மன்றத்துக்கு நான்தான் பொறுப்பு. பதினெட்டு வயது முடிந்த பிள்ளைகளைப் படிவம் 6 நிரப்ப வைத்து வாக்காளர் பட்டியலில் சேர்ப்பது முக்கிய வேலை. அதற்காகக் கல்லூரியிலேயே முகாம் போட்டோம். விளம்பரம் இல்லாத வேலை. ஆதார் நகல், போட்டோ, பெற்றோரின் வாக்காளர் அட்டை எண் என்று ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகளின் பின்னால் அலைய வேண்டும். பிரின்சிபாலுக்கு அதில் சுவாரசியம் இல்லை. முகாமோடு சேர்த்து ஒரு மாதிரி வாக்குப்பதிவும் நடத்தச் சொன்னார்.

"பசங்களுக்கு ஒரு பயிற்சியா இருக்கும்மா. யாரு எந்தப் பக்கம் சாயுறாங்கன்னு நமக்கும் ஒரு பேட்டர்ன் கெடைக்கும்" என்றார்.

பயிற்சிக்கு நான் தயார், பேட்டர்னுக்கு ஆள் நானில்லை என்றேன். நிஜக் கட்சிகளின் பெயர் வரக்கூடாது, சின்னம் வரக்கூடாது, பெட்டிகளை எல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கலந்த பிறகுதான் எண்ண வேண்டும் என்று நிபந்தனை போட்டேன். எல்லாவற்றுக்கும் சரி என்றார். அவர் இவ்வளவு சுலபமாகச் சரி என்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

யாருக்கும் சொந்தமில்லாத சின்னம் தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பட்டுப் புடவையில் வருகிற புட்டாக்களை வைக்கலாம், ஊருக்கும் பொருத்தம் என்று தண்டபாணி சார் சொன்னார். நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. உட்கார்ந்து பார்த்தால், புடவையில் வருகிற பூவும் காயும் இலையும் ஏற்கனவே ஏதாவது ஒரு கட்சியிடம் போய்விட்டிருந்தன. ருத்ராட்சம் வைக்கலாம் என்றார் ஒருவர். அப்படியென்றால் சங்கு சக்கரமும் வேண்டும் என்றார் பெருமாள் கோயில் பக்கத்துச் சின்ன காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர். கோபுரம் என்றதும் எந்தக் கோயில் கோபுரம் என்று கேள்வி வந்தது. இரண்டு மீட்டிங் போட்ட பிறகு மயில், அன்னம், குதிரை, கிளி என்று முடிவாயிற்று.

அப்பாடா என்று நான் மூச்சு விட்டது ஒரு சாயங்காலம்தான். மறுநாள் காலையில் பிள்ளைகள் எது எந்தக் கட்சி என்று பிரித்து முடித்திருந்தார்கள். மெதுவாக நடந்து வந்து மேடையேறும் தலைவருக்கு அன்னம். எங்கே போனாலும் போட்டோவுக்கு நிற்கிறவருக்கு மயில். கட்சி விட்டுக் கட்சி தாவியவர்களின் கூட்டணிக்குக் குதிரை. சொன்னதையே சொல்கிறவருக்குக் கிளி. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. கேன்டீன் மாஸ்டர்வரை எல்லோரும் அதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எந்தக் கட்சியும் வரக்கூடாது என்று நான் பட்ட பாடு அத்தனையும் வீண்.

3. ரூட் வாரியாக

எங்கள் கல்லூரியில் எது நடந்தாலும் ரூட் வாரியாகத்தான் நடக்கும். பெரும்பாலும் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள். வாலாஜாபாத் பஸ் ஒரு நேரம், திருப்புட்குழி பஸ் ஒரு நேரம். அதை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் நிற்க வேண்டும். அதனால் பீஸ் கட்டுவது, ஹால் டிக்கெட் வாங்குவது, ஸ்காலர்ஷிப் கையெழுத்து எல்லாவற்றுக்கும் ரூட்டுக்கு ஒரு வரிசை. முதலில் கிளம்புகிற ரூட்டுக்கு முதல் இடம். இதை ஆரம்பித்தவர் யாராயிருந்தாலும் புண்ணியவான். பிள்ளைகளுக்கு இதனால் எவ்வளவோ நன்மை.

ஓட்டுக்கும் அப்படியே வரிசை நின்றது. ரூட்டுக்கு ஒரு பெட்டி. பட்டுப் புடவை வைக்கிற அட்டைப் பெட்டியில் துளை போட்டு, ரூட் பெயரை மேலே ஒட்டியிருந்தார்கள். கலந்துதான் எண்ணப் போகிறோம் என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டுப் போட்டு முடிந்ததும் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்திருக்கிறார், போட்டோவுக்கு வாருங்கள் என்று பிரின்சிபால் என்னைக் கல்லூரி வாசலுக்கு அழைத்தார். போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் தண்டபாணி சார் பெட்டி பெட்டியாக எண்ணி, கட்டம் போட்டு, ஸ்டாஃப் வாட்ஸப் குரூப்பில் ஏற்றிவிட்டிருந்தார். மேலே கொட்டை எழுத்தில் 'வோட்டிங் பேட்டர்ன்' என்று தலைப்பு.

ஒன்றாகக் கொட்டி எண்ண வேண்டும் என்றுதானே சொன்னேன் என்று கேட்டேன்.

"கொட்டிட்டா பேட்டர்ன் எப்படி மேடம் கெடைக்கும்?" என்றார். மனிதர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. பிரின்சிபாலைப் பார்த்தேன். அவர் போனில் அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாலாஜாபாத் ரூட்டில் நூற்றுக்கணக்கில் பிள்ளைகள். அதில் யார் எதற்குப் போட்டார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. திருப்புட்குழி ரூட் அப்படியல்ல. விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பெட்டியில் இருந்த சீட்டெல்லாம் மயில். ஒன்றே ஒன்று மட்டும் அன்னம்.

ஸ்டாஃப் குரூப்பிலிருந்து அந்தக் கட்டம் எப்படியோ பிள்ளைகளின் போனுக்கும் போய், சாயங்கால பஸ்ஸிலேயே விசாரணை தொடங்கிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். ஊர்ப் பெருமாள் மேல் சத்தியமாக நான் இல்லை என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்லியிருக்கிறது. யசோதா மட்டும் சத்தியம் செய்யவில்லை. அது ரகசியம், சொல்ல மாட்டேன் என்றிருக்கிறாள். என் துறையில் இரண்டாம் வருடம் படித்த பெண். ரகசிய வாக்கெடுப்பு என்ற பாடத்தை அந்த வகுப்புக்கு நடத்தியது நான்தான். அதை நம்பிய ஒரே பிள்ளை அவள். அதனால் அன்னம் அவள் தலையில் விழுந்தது.

அவளுடைய அப்பா கோதண்டம், பிள்ளைகள் மயில் என்று பெயர் வைத்த அதே கட்சியின் கிளைச் செயலாளர்.

4. பீரோவில் பூட்டிய ஆதார்

பட்டியலில் பெயர் சேர்க்கக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. வகுப்பில் எல்லோரும் படிவம் கொடுத்துவிட்டார்கள், யசோதா கொடுக்கவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"அப்பா என் ஆதார பீரோல வச்சிப் பூட்டிட்டாரு மேடம். இந்த எலெக்சனுக்கு நீ வேணாம்னு சொல்லிட்டாரு. படிப்பையும் இத்தோட நிறுத்திடலாமான்னு பேசிக்கினு இருக்குறாங்க."

அழவில்லை. சொல்லும்போது துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. மயிலும் அன்னமும் நாங்கள் உட்கார்ந்து யோசித்து வைத்த பொம்மைகள். அதற்குப் போட்ட ஒரு காகிதத் துண்டுக்காக ஒரு பெண்ணின் நிஜ ஓட்டும் படிப்பும் போகிறதென்றால் இதை எங்கே போய்ச் சொல்வது?

பிரின்சிபாலிடம் போனேன். வீட்டு விஷயத்தில் கல்லூரி தலையிட முடியாது என்றார். வீட்டு விஷயத்தைக் கட்டம் போட்டு வெளியே விட்டது யார் என்று கேட்டேன். குரூப்பிலிருந்து அழித்துவிட்டோமே என்றார். தண்டபாணி சார் நிஜமாகவே வருந்தினார். ஆனால் வருந்தும்போதே, ஒரு ஓட்டு மாறி விழுந்ததால் அந்த ரூட் பேட்டர்ன் ஒன்றும் கெடவில்லை என்றும் சொன்னார். அவரிடம் மேற்கொண்டு பேசினால் வாயில் ஏதாவது வந்துவிடும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்புட்குழிக்குப் பஸ் ஏறினேன். கோதண்டம் முரடனாக இருப்பார் என்று நினைத்துப் போனால், மனிதர் மரியாதைக்காரர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார், கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். நிலம் கொஞ்சம், சின்ன காண்ட்ராக்ட் வேலைகள் கொஞ்சம். தெருவில் பதினெட்டு முடிந்த பிள்ளை யாராக இருந்தாலும் படிவம் நிரப்பிக் கொடுப்பவர் அவர்தான் என்று அவர் மனைவி பெருமையாகச் சொன்னார். ஊருக்கெல்லாம் சேர்த்துவிடுகிறவர் மகளை மட்டும் ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"மேடம், எங்க வீட்ல அஞ்சு ஓட்டு. அஞ்சும் ஒரே எடத்துக்குப் போவும்னு மேல இருக்குறவங்களுக்கு நான் சொல்லி வச்சிருக்கேன். இத்தினி வருசத்துல அது தப்புனதில்ல. ஆறாவதா ஒன்ன சேத்து, அது எந்தாண்ட போவுதுன்னு எனக்கே தெரியலன்னா, ஊர்ல நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு ஓட்டுக் கேப்பேன்?"

கல்லூரியில் நடந்தது விளையாட்டு என்றேன். அந்தச் சீட்டு அவளுடையது என்று யாருக்குத் தெரியும் என்றேன். சட்டம் பேசினேன். எல்லாவற்றையும் பணிவாகக் கேட்டுக்கொண்டார். இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லட்டும், இப்போதே ஆதாரைத் தருகிறேன் என்றார்.

யசோதா கதவோரம் நின்றிருந்தாள். இல்லை என்று சொல்லிவிடேன் என்று எனக்கே அந்த நிமிஷம் மனசுக்குள் தோன்றியது. ஒரு பொய்யோ மெய்யோ, காரியம் முடிந்துவிடும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்கவில்லை. நான் கலரைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

5. "நம்ம பொண்ணு"

இரண்டு நாள் கழித்து முகாமுக்கு வெள்ளை வேட்டியில் ஒருவர் வந்தார். திருப்புட்குழியில் எதிர்க்கட்சிக் கிளையைப் பார்த்துக்கொள்கிறவராம். அதாவது அன்னத்துக்காரர். யசோதாவின் படிவத்தைக் கொடுங்கள், அவள் அப்பாவின் வாக்காளர் எண் தன்னிடம் இருக்கிறது, ஊரில் விசாரிக்க வருகிற அலுவலரிடமும் தானே பேசிக்கொள்கிறேன் என்றார்.

"கோதண்டம் உடலன்னா என்னா மேடம்? அது நம்ம பொண்ணு. நாங்க சேத்து உடுறோம்."

அந்தப் பெண்ணிடம் கேட்டீர்களா என்றேன். அதுதான் சீட்டிலேயே சொல்லிவிட்டதே என்றார். அவள் யாருடைய பெண்ணும் இல்லை, எங்கள் மாணவி, நீங்கள் கிளம்பலாம் என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே போய், ஊர் டீக்கடையில் கோதண்டத்தின் மகளைத் தங்கள் கட்சியே வாக்காளர் பட்டியலில் சேர்த்துவிடப் போவதாகச் சொல்லி வைத்திருக்கிறார்.

மறுநாள் காலை கல்லூரி திறக்கும்போதே கேட்டில் ஒரு பைக் நின்றது. கோதண்டம். பின்னால் யசோதா. ஆதார் நகல், போட்டோ, தன் வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மகளை உட்கார வைத்து, தானே பக்கத்தில் நின்று படிவத்தை நிரப்ப வைத்தார்.

"எம் பொண்ண இன்னொருத்தன் சேத்து உட்டான்னு பேரு வரக்கூடாது மேடம்" என்றார்.

சட்டம் சொன்னேன், நியாயம் சொன்னேன், பஸ் ஏறிப் போய்க் கெஞ்சினேன். எதுவும் அசைக்காத மனிதரை டீக்கடைப் பேச்சு ஒன்று அசைத்துவிட்டது. இந்த வேலையில் எனக்கு வந்த எரிச்சல்களைச் சேர்த்து வைத்தால் ஒரு வண்டி தேறும். அதில் இதற்குத்தான் முதல் இடம். ஆனாலும் படிவத்தை வாங்கி உள்ளே வைத்தேன். கடைசித் தேதிக்கு முன்னால் வந்துவிட்டது, எனக்கு வேண்டியது அதுதான். அவள் படிப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கிளறவில்லை.

தேர்தலுக்கு முன்னால் இன்னொரு மாதிரி வாக்குப்பதிவு வைத்தால் பேட்டர்ன் மாறியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று பிரின்சிபால் கேட்டார். பொறுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

6. எண்ணி முடித்த பிறகு

இளைய ஆசிரியர்கள் இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள், விழிப்புணர்வு மன்றம் நடத்துவது எப்படி என்று. உங்கள் பிள்ளைகளுக்கு ஓட்டு இருக்கிறதா என்று பாருங்கள், அது எங்கே போகிறது என்று பார்க்காதீர்கள், பார்க்கத் துடிக்கிறவர்களைப் பெட்டிக்குப் பக்கத்தில் விடாதீர்கள் என்பேன். குறிப்பாகக் கணக்கு நன்றாகத் தெரிந்தவர்களை. இதற்குமேல் என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆர்வமாகக் கேட்டுக்கொண்டு போகிறவர்கள் வாசல்வரை போய்த் திரும்பி நின்று, "இப்ப பசங்க எந்தப் பக்கம் மேடம்?" என்று கேட்பதும் நடக்கிறது.

யசோதா அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டாள். முடிவு வந்து கல்லூரி திறந்த பிறகு துறைக்கு வந்தாள். விரலில் மை இன்னும் கொஞ்சம் நகத்தோரம் ஒட்டியிருந்தது. கட்சிக்காரர்களின் கைக்கு பூத் வாரியாக ஓட்டுக் கணக்கு வந்துவிடுமே, வீட்டில் என்ன நிலைமையோ என்று எனக்குக் கவலை. அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

அவர் தினமும் அந்தக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்துப் பார்க்கிறாராம். தெருத் தெருவாக, வீடு வீடாகப் பிரித்து, மிச்சம் நிற்பது யார் ஓட்டு என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறாராம். முடியவில்லையாம். சாப்பிடும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அந்த வேட்பாளரைப் பற்றி என்ன நினைக்கிறாய், இந்தத் திட்டம் சரியா, அந்தப் பேச்சு எப்படி என்று சுற்றிச் சுற்றிக் கேட்கிறாராம்.

தொல்லைதான், ஒருநாள் சொல்லித் தொலைத்துவிடேன் என்றேன் நான். என் எரிச்சல் எனக்கு.

அவள் சிரித்தாள். "வேணாம் மேடம். இத்தினி நாளா அந்த வீட்ல நான் என்னா நெனைக்கிறேன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. இப்ப அப்பா தெனமும் கேக்குறாரு. யாருக்குப் போட்டேன்னு சொல்லிட்டா, கேக்குறத நிறுத்திடுவாரு."